பேச்சிழந்தவருக்குப் பணிவிடை

(காரவள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் செவிலியர் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். மூலிகையைப் பற்றிப் பேசினாலும் ஊசியைப் பற்றிப் பேசினாலும் கட்டிலின் பக்கத்தில் நிற்பவள் கண்ணால்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். சீனாவில் பழைய மருத்துவத்தையும் செவிலியர் பணியையும் சேர்த்து ஒரு முறையாக வளர்த்திருக்கிறார்கள். அதை முன்னால் வைத்து, நம் சித்த மருத்துவத்திடமும் அரசுத் திட்டங்களிடமும் குடும்பங்களிடமும் சிலவற்றைக் கேட்கப் போகிறேன்.

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் கூடியிருக்கும் இந்தக் காரவள்ளியில்தான் கொல்லிமலைச் சாலை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் சோளக்காடு. மேலே ஒருவருக்கு வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அதே 70 வளைவுகளையும் அவர் இறங்கியாக வேண்டும். மூளையின் ரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதலில், 1995-இல், 3 மணி நேரக் கெடு வைத்தார்கள். 2008-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அது நாலரை மணி நேரமாயிற்று. அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாலரை மணி நேரத்தில் மலையிலிருந்து இறங்க வேண்டும், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனையைச் சேர வேண்டும், படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்று நாடி பார்த்தோ நாக்கைப் பார்த்தோ எந்த முறை மருத்துவராலும் சொல்ல முடியாது. கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே முதல் நாள் எந்தப் பாட்டி வைத்தியமும் வேண்டாம். புறா ரத்தம் பூசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்காகப் புறாவைத் தேடிப்போகும் நேரம் நோயாளியின் கையும் பேச்சும் போகிற நேரம். "காலையில பாத்துக்கலாம், படுக்கட்டும்" என்பதும் அதே அளவு கெடுதல். 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே, அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

முதல் நாளே ஒரு செவிலியர் வேலையும் இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் போயிருக்கலாம். வாயில் ஊற்றும் காபி உணவுக் குழாய்க்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். மூளை நோயில் பிழைத்தவரை நிமோனியா கொண்டுபோன கதைகள் எல்லா வார்டுகளிலும் உண்டு. அதனால் மருத்துவமனையில் முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வைப்போம். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து இருமல் வருகிறதா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்ப்போம். அதற்குப் பிறகே மற்ற எதுவும் வாய்வழியாகப் போகும். வீட்டில் பதறிப்போய் வசம்பைத் தேனில் இழைத்து நாக்கில் தடவுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

வசம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லா மருந்து என்றெல்லாம் வழங்கும் அந்தக் கிழங்கைச் சுட்டு இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவினால் பேச்சுச் சீக்கிரம் வரும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. பேச்சுப் போன பெரியவருக்கும் அதே கிழங்கைத்தான் கை தேடுகிறது. சீனாவிலும் இதேதான் நடந்தது. பக்கவாதத்தில் பேச்சு நின்றவர்களுக்கென்று 'ஜியே யூ தான்' என்ற மாத்திரையைப் பழைய நூல்கள் சொல்கின்றன. பேச்சின் கட்டை அவிழ்ப்பது என்று பொருள். தேள் முதலான பல சரக்குகள் சேரும் அந்த மாத்திரையில் 'ஷி சாங் பூ' என்ற கிழங்கும் உண்டு. அது நம் வசம்பின் நேர் உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த செடிகள். இரண்டு நாட்டு வைத்தியர்களின் கையும் ஒரே குடும்பச் செடிக்குப் போயிருப்பது எனக்கு வியப்பையும் மரியாதையையும் தருகிறது. ஆனால் மரியாதை வேறு, மருந்தாக ஒப்புக்கொள்வது வேறு. வசம்பு எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குகளில் கட்டிகளை உண்டாக்கியதால் 1968-இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. இந்த மலை மூலிகைக்குப் பேர்போனது என்பதாலேயே இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாக்கில் தடவுகிறோமே, கோளாறு நாக்கிலா இருக்கிறது? சிலருக்கு நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சுக் குழறும். அவர்கள் சொல்ல வந்த சொல் தலைக்குள் சரியாக இருக்கும், வாய்தான் ஒத்துழைக்காது. மற்றவர்களுக்கு நாக்கு நன்றாகப் புரளும், சொல்தான் கிடைக்காது. அல்லது வேறு சொல் வந்து விழும், அல்லது நாம் சொல்வது விளங்காது. இந்த இரண்டாவது வகையைத்தான் அஃபேசியா, பேச்சிழப்பு என்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் வலது கையும் காலும் விழுந்தவர்களிடம் காண்போம், ஏனென்றால் பெரும்பாலோருக்கு மொழியின் இருப்பிடம் இடப்பக்க மூளை.

1861-இல் பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். 21 ஆண்டுகளாக 'தான், தான்' என்ற ஓரசையைத் தவிர அவர் வாயில் எதுவும் வரவில்லை. பிறர் சொன்னால் அவருக்குப் புரியும், கையால் எண்ணிக்கை காட்டுவார். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைச்சொல் முழுதாக வெளிவந்துவிடும். அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்தபோது இடப்பக்க முன்பகுதியில் சிதைவு தெரிந்தது. 1874-இல் கார்ல் வெர்னிக்கே சற்றுப் பின்னால் உள்ள இன்னோர் இடத்தைக் காட்டினார். அங்கே அடிபட்டவர் சரளமாகப் பேசுவார். பேச்சில் பொருள் இருக்காது, பிறர் பேசுவதும் பிடிபடாது. நம் ஊரில் அப்படிப்பட்டவரைப் 'புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று ஒதுக்கிவிடுகிறோம். அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. இதை ஒரு குடும்பத்துக்கு விளங்கவைத்தாலே பாதிச் செவிலியர் வேலை முடிந்தது என்பேன்.

அந்த வசைச்சொல்லைக் கவனியுங்கள். யோசித்துச் சொல்லும் சொல் வராத வாயில் தானாக வரும் சொல் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, சாமி பேர், கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டு எல்லாம் இந்த வகை. 'தண்ணி' என்று சொல்ல முடியாத பாட்டி தாலாட்டை வார்த்தையோடு பாடுவதைக் கண்டு வீட்டார் திகைத்துப்போகிறார்கள். சிலர் நடிக்கிறாள் என்று கோபிக்கிறார்கள். 1973-இல் பாஸ்டனில் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, தொடர்களை ராகம் போட்டு, கையால் தட்டிச் சொல்லவைக்கும் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். பழக்கிய தொடர்களைச் சொல்ல அது உதவுகிறது. அதைத் தாண்டிப் பேச்சு முழுவதும் திரும்பிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இனி சீனா. அங்கே பக்கவாத நோயாளிக்கு ஊசி குத்துவது பழைய வழக்கம். இதயத்தின் வாசல் நாக்கு என்பது அவர்கள் கொள்கை. அதனால் பேச்சுக்காக மணிக்கட்டின் உட்புறம் இதய நாளத்தில் ஒரு புள்ளியைத் தேர்கிறார்கள். குரல்வளைக்கு மேலே தாடைக்கு அடியில் ஒன்று, பிடரியில் ஒன்று, நாக்கின் அடியில் உள்ள இரண்டு ரத்தக் குழாய்களின் மேல் இரண்டு என்றும் புள்ளிகள் உண்டு. இதோடு நின்றிருந்தால் நான் இங்கே அவர்களைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். 1971-இல் ஷான்ஷி மாகாணத்தில் ஜியாவ் ஷுன்ஃபா என்ற மருத்துவர் தலைத் தோலில் புதிய கோடுகள் வரைந்து அங்கே ஊசி குத்தினார். அந்தக் கோடுகள் பழைய நூலிலிருந்து வந்தவை அல்ல. மூளையின் எந்தப் பகுதி எந்த வேலை செய்கிறது என்ற நவீன வரைபடத்தைப் பார்த்துப் போட்டவை. பேச்சுக்கென்றே மூன்று கோடுகள். புரோக்கா கண்டுபிடித்தது சீன ஊசிக்காரரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டே தியான்ஜினில் ஷி ஷுவெமின் பக்கவாதத்துக்கென்று தனியாக ஓர் ஊசி முறையை வகுத்தார். பழைய மருத்துவம் புதியதைக் கற்கக் கூச்சப்படவில்லை.

நமக்கும் அந்த நாட்டு மருத்துவத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1938-இல் போர்க்காலச் சீனாவுக்கு உதவப்போன ஐந்து இந்திய மருத்துவர்களில் கோட்னிஸ் அங்கேயே உயிர் நீத்தார். அவருடன் போன பி.கே. பாசு 1950-களின் இறுதியில் அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். இன்று நம் ஊர்களிலும் அக்குபங்சர் பலகைகள் தொங்குகின்றன. அவற்றில் எத்தனை இடங்களில் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்து நடக்கிறது என்பதே என் கேள்வி.

நான் அப்படிக் கேட்கக் காரணம் 2024 ஜனவரியில் வெளியான ஒரு சீன ஆய்வு. மூன்று மருத்துவமனைகளில், பேச்சை இழந்த 252 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான ஊசி, மற்றதற்குப் பாவனை ஊசி. ஆறு வாரத்துக்குப் பிறகு, நூறு புள்ளி கொண்ட பேச்சு அளவுகோலில் உண்மை ஊசிக் குழு ஏறக்குறைய 8 புள்ளி முன்னால் இருந்தது. இது பெரிய செய்திதான். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் விட்டுவிடும் ஒரு வரி உண்டு. இரண்டு குழுவுக்கும் மொழிப் பயிற்சியும் வழக்கமான மருந்தும் முழுதாகக் கொடுக்கப்பட்டன. ஊசி மட்டும் பெற்றவர் ஒருவர்கூட அந்த ஆய்வில் இல்லை. பயிற்சிக்கு மேலே ஊசி எவ்வளவு சேர்க்கிறது என்பதே அங்கே அளக்கப்பட்டது. பயிற்சியை எடுத்துவிட்டு ஊசியை மட்டும் விற்கிறவருக்கு இந்த ஆய்வைக் காட்டும் உரிமை இல்லை.

சீனாவிடமிருந்து நான் எடுத்துவர விரும்புவது ஊசியைவிட அவர்களுடைய செவிலியர் ஏட்டை. 1958-லேயே நான்ஜிங்கில் பாரம்பரிய மருத்துவச் செவிலியர் பணிக்கென்று தனிப் புத்தகம் வந்துவிட்டது. 2013-இல் அந்நாட்டுப் பாரம்பரிய மருத்துவ நிர்வாகம் 13 நோய்களுக்குச் செவிலியர் வழிமுறைகளை வெளியிட்டபோது பக்கவாதமும் அதில் இருந்தது. பேச்சுத் தடுமாற்றம் அதில் தனித் தலைப்பு. நோயாளியோடு நம்பிக்கையை வளர்ப்பது, சைகையால் பேசிக்கொள்ள வழி செய்வது, உதடு நாக்குப் பயிற்சி, எளிய சொல்லிலிருந்து படிப்படியாகப் பேசவைப்பது, கூடவே சில புள்ளிகளை விரலால் அழுத்திவிடுவது என்று வரிசையாக வருகிறது. மனநிலையைக் கவனிப்பதும் உணவும்கூடச் செவிலியர் பொறுப்பில் வருகின்றன. ஊசி மருத்துவருடையது. விரல் அழுத்தமும் பேச்சும் நோயாளியின் மனமும் செவிலியருடையவை. நோயாளி ஒரு நாளில் மருத்துவரைச் சில நிமிடங்களே பார்க்கிறார், செவிலியரைப் பல மணி நேரம் பார்க்கிறார். அந்தப் பல மணி நேரத்தைச் சிகிச்சையாக்கியதுதான் அவர்கள் செய்த வேலை.

நம் சித்த மருத்துவத்திடம் இதற்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. வாத நோய் 80 என்று யூகி முனிவரின் மரபு வகுத்திருக்கிறது, பக்கவாதம் அதில் ஒன்று. உடலைப் பிடித்துவிடும் தொக்கணம் ஒன்பது வகை. வர்மம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. விழுந்த கை காலுக்கு அங்கே வர்மமும் தொக்கணமும் எண்ணெயும் தேடி மக்கள் போகிறார்கள். பேச்சுக்காகவும் கழுத்திலும் தலையிலும் வர்மப் புள்ளிகளைத் தொடுகிறவர்கள் உண்டு. தொண்டைப் பக்கத்து வர்மங்கள் விளையாட்டல்ல; முறையாகக் கற்காதவர் விரல் அங்கே போகவே கூடாது. கற்றவர்களிடம் என் வேண்டுகோள், வர்மத்தையும் அந்தச் சீன ஆய்வு ஊசியைச் சோதித்ததுபோலச் சோதியுங்கள் என்பது. இரண்டு குழுவுக்கும் பேச்சுப் பயிற்சி, ஒன்றுக்கு மட்டும் வர்மம், அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாத ஏற்பாடு. வர்மத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர்கள் இந்தத் தேர்வுக்கு முதலில் முன்வர வேண்டும்.

இன்னொன்றும் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. சித்த மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் எண்வகைத் தேர்வு என்ன? நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். ஐந்தாவதாக மொழி நிற்கிறது. நோயாளியின் பேச்சைக் கேட்டுக் குறிப்பது சித்தர் வைத்த தேர்வுகளில் ஒன்று. இன்று நோய்க் குறிப்பேட்டில் அந்த வரிக்கு எதிரே என்ன எழுதுகிறார்கள்? உரத்த குரல், தாழ்ந்த குரல், குழறல் என்று ஒரு சொல். பேச்சிழந்தவருக்கு அது போதாது. சொன்னது விளங்குகிறதா, பொருளைக் காட்டினால் பேர் சொல்கிறாரா, நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா, தானாகப் பேசும்போது எத்தனை சொல் சேர்ந்து வருகிறது என்று நான்கு வரி எழுதினால், அந்தப் பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே நவீன பேச்சுத் தேர்வின் கரு வந்துவிடும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பொருளைக் காட்டிப் பேர் கேட்பது என்றேன். எந்தப் பொருளை? மருத்துவமனையில் பேனாவையும் கைக்கடிகாரத்தையும் காட்டுகிறோம். பேனாவே பிடிக்காத, மலைமேல் வளப்பூர் நாட்டுப் பாட்டியிடம் அதைக் காட்டி, பேர் தெரியவில்லை என்று எழுதுவது அநியாயம். அவர் வீட்டு முறத்தை எடுங்கள். அதில் உப்பு, மிளகு, பலாக்கொட்டை, கேழ்வரகு, வெற்றிலை என்று அவர் கை பழகிய நாலைந்து பொருளை வையுங்கள். எதிரில், அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். டி.வி.யை நிறுத்துங்கள்.

உப்பைக் கையில் கொடுத்து, "அப்பாயி, இது என்ன?" என்று கேட்டுவிட்டுப் பொறுங்கள். பத்து எண்ணும்வரை பொறுங்கள். சொல் வரவில்லை என்றால், "இது உப்பா, மிளகா?" என்று இரண்டில் ஒன்றைத் தேரவிடுங்கள். அதுவும் வரவில்லையா? "குழம்புல கரிக்கலைன்னா என்ன போடுவீங்க?" என்று அவர் அடுப்படிக்கே கூட்டிப்போங்கள். பிறகு முதல் ஓசையை மட்டும் உதட்டால் காட்டுங்கள், "உ..." என்று. பெரும்பாலும் அந்த இடத்தில் சொல் வந்து விழும். வராவிட்டால் நீங்கள் சொல்லி அவரைத் திருப்பிச் சொல்லவையுங்கள், ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துச் சுவைக்கவும் விடுங்கள், விழுங்குவதில் தடை இல்லை என்று சிஸ்டர் சொல்லியிருந்தால். உப்புக்கு 'மிளகு' என்று சொன்னால் அதட்டாதீர்கள். அஞ்சறைப் பெட்டியில் பக்கத்துக் கிண்ணத்தை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். சரியான சொல்லை ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போங்கள். சத்தம் போட்டுப் பேசாதீர்கள், அவர் காது கேட்கிறது. அவர் முன்னாலேயே, "இதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று வந்தவரிடம் சொல்லாதீர்கள். அது அவருக்கு விளங்கிவிடும் என்பதுதான் கொடுமை.

எவ்வளவு நேரம்? ஜெர்மனியில் பேச்சுப் போய் ஆறு மாதத்துக்கு மேலான 156 பேரிடம் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. வாரம் குறைந்தது 10 மணி நேரம், மூன்று வாரம் பயிற்சி கொடுத்ததும் அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. 'ஆறு மாசம் ஆச்சு, இனி வராது' என்று கை விடுவது தவறு என்று அதில் தெரிகிறது. வாரம் 10 மணி நேரம் கொடுக்கும் பேச்சுப் பயிற்சியாளர் கொல்லிமலைக்கு எங்கிருந்து வருவார்? மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது, சென்னையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வருகிறவர்கள் பெருநகரங்களைத் தாண்டி வருவதில்லை. வீட்டில் காலை அரை மணி, மாலை அரை மணி என்று உட்கார்ந்தால் வாரம் 7 மணி, மூன்று மாதத்தில் 90 மணி நேரம் ஆகிறது. ஊரில் கிடைக்கக்கூடிய ஒரே பெரிய அளவு அதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டுப் போகலாமா? நம் நாட்டிலேயே அதைச் சோதித்திருக்கிறார்கள். லூதியானா சி.எம்.சி.யின் ஜெயராஜ் பாண்டியன் முதலானோர் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டு, வீட்டாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறப்பும் குறையவில்லை, பிறரைச் சார்ந்திருப்பதும் குறையவில்லை. வயலுக்கும் கூலிக்கும் போகிற குடும்பத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடாது என்று நான் அதைப் படிக்கிறேன். திரும்பத் திரும்ப ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும், போன வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும், அடுத்த வாரத்துக்குப் பொருளை மாற்றித் தர வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏற்கனவே இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். இயன்முறை மருத்துவரும் நோய்த் தணிப்புச் செவிலியரும் இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். விழுந்த கைக்கும் காலுக்கும் ஆள் வருகிறது. விழுந்த பேச்சுக்கும் வர வேண்டும். பெரிய படிப்புத் தேவையில்லை. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. அங்கே ஒரு பேச்சுப் பயிற்சியாளர் இருந்து, வீட்டுக்குப் போகும் செவிலியரையும் தன்னார்வலரையும் பழக்கி, செல்போனில் நோயாளியின் பேச்சைக் கேட்டு வழி சொல்லலாம். மலை மேல் இருக்கும் சித்த மருத்துவரும் அந்த வட்டத்தில் சேரலாம்.

நாமக்கல் என்றதும் லாரி நினைவுக்கு வராமல் இருக்காது. இந்த மாவட்டத்து டிரைவர்கள் தமிழோடு இந்தி, தெலுங்கு, கன்னடம் என்று சாலையிலேயே கற்றவர்கள். அவர்களில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் சில சமயம் ஒரு மொழி முன்னாலும் மற்றது பின்னாலும் திரும்பும். தாய்மொழிதான் முதலில் வரும் என்று விதி இல்லை. வீட்டார், "தமிழ் மறந்துட்டு இந்தியில பேசறாரே" என்று கலங்க வேண்டாம். எது வருகிறதோ அதில் பேசட்டும். ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளைப் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தனைத் திறன் கெடாமல் தப்பியவர்கள் இரு மொழிக்காரர்களில் 40.5 சதவீதம், ஒரு மொழிக்காரர்களில் 19.6 சதவீதம். பேச்சிழப்பு மட்டும் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. மொழி அறிவு சிந்தனையைக் காக்கலாம், பேச்சிழப்பிலிருந்து காக்காது. பேச்சிழப்பைத் தடுக்கும் வழி பக்கவாதத்தைத் தடுப்பதுதான். அதற்கு ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் போட வேண்டும். சித்த மருந்து சாப்பிடத் தொடங்கியதும் பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இரண்டாவது பக்கவாதத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். சித்த மருத்துவர்களே இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சிழந்தவர் அழுவார், கோபப்படுவார், சோற்றைத் தள்ளுவார், சில சமயம் வாய் திறக்கவே மறுத்துவிடுவார். மனச்சோர்வு இந்த நோயோடு சேர்ந்தே வருகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பழகியவரைத் திண்ணையில் தனியாக உட்காரவைத்துவிட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாது. கோயில் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் அவரை அழைத்துப் போங்கள். அவருக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். கடைக்காரர் கேட்டால் அவரே தலையாட்டட்டும், விரல் காட்டட்டும்.

நிறைவாக என் வேண்டுகோள்கள். தன்னார்வச் சகோதரிகளே, பக்கவாதம் வந்த வீட்டுக்கு அடுத்த முறை மாத்திரை கொண்டுபோகும்போது இரண்டு கேள்வியை நோயாளியிடமே கேளுங்கள்: "உங்க பேரு என்னங்க?", "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" பதில் வராவிட்டால் அதை உங்கள் பதிவேட்டில் எழுதி, செவிலியரிடம் சொல்லுங்கள். சித்த மருத்துவர்களே, 'மொழி' என்ற வரிக்கு எதிரே இன்றுமுதல் நான்கு வரி எழுதுங்கள். மாவட்ட நிர்வாகத்தினரே, வீடு தேடிப் போகும் குழுவுக்குப் பேச்சுப் பயிற்சியைச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளரை நியமியுங்கள். கொல்லிமலைக்கு முதலில் நியமியுங்கள், ஏனென்றால் இங்கே உள்ளவர்கள்தான் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப இறங்கி வர முடியாதவர்கள்.